நாகர்கோவில் வடசேரி - சென்னை ஏசி ஸ்லீப்பர் பஸ்: பெட் கொள்ளாம், டிரைவருக்குத்தான் உறக்கம் இல்ல

ரேட்டிங் 5க்கு 2, அந்த 2ம் டிரைவர் அண்ணனுக்காக.

பெட் கொள்ளாம், கம்பளி நாத்தம் இல்ல, சார்ஜிங் பாயிண்ட் வேல செய்யுது, ஏசி கொஞ்சம் ஓவர். ஆனா கோவில்பட்டி தாண்டி டீக்கு நிறுத்துன எடத்துல பாத்தா டிரைவர் பைப்புல தலைய நனைச்சிட்டு நிக்காரு, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. என்னண்ணே மேலுக்கு முடியலியான்னு கேட்டேன், "காலைலதான் சென்னைலேந்து வந்தேன் மக்கா, வீட்ல பிள்ளைக்கு காய்ச்சல், பகல்ல ஒறங்கல, லீவு கேட்டா சம்பளத்துல பிடிப்பாவ"ன்னாரு. மாத்து டிரைவர் உண்டாண்ணேன்னதுக்கு திருச்சில ஏறுவாருன்னு சொன்னாரு, சரி அதுவரைக்கும்?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லயே ஒரு நாளைக்கு 8 மணி நேரந்தான் வேலன்னு இருந்துச்சு, ஆனா வேல முடிஞ்சு வீட்ல கெடக்கும்போது மனுசன் ஒறங்குனாரான்னு எந்த ஓனர் கேக்கான்! 80 கிலோமீட்டர் வேகத்துல 3 செகண்ட் கண்ணு சொக்குனா வண்டி 66 மீட்டர் ஓடிரும், ராத்திரி 2 மணிக்கு மேல விடியுறதுக்குள்ள ஒடம்பு தன்னால ஒறக்கத்துக்குப் போற நேரம் வேற, டீயும் பாக்கும் எவ்ளோ நேரம் தாங்கும்.

நான் பெட்ட விட்டுட்டு முன்னால கேபின்ல போய் உக்காந்து மதுர வர பேச்சு குடுத்துட்டே வந்தேன். பஸ் ஆபீஸுக்கு போன் பண்ணி சொன்னா, "பஸ் கரெக்ட் டைமுக்கு போச்சுல்லா சார்?"ங்கான். புக் பண்றவங்க மாத்து டிரைவர் எங்க ஏறுறாருன்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க.