ஃபீல்டு போஸ்டிங் வந்தாச்சு, பிள்ளை யாரிடம்? பாட்டி வீடா, ஹாஸ்டலா, லீவா

மனைவியை இழந்த ஜவான், விவாகரத்தான ஹவில்தார், பிள்ளையோடு தனியாக இருக்கும் ராணுவ நர்சிங் அதிகாரி. குடும்பத்தோடு இருக்க முடிகிற பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்வரை இவர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். குப்வாராவுக்கோ லடாக்குக்கோ அருணாசலத்துக்கோ ஆர்டர் வந்தால் அந்தச் சமாளிப்பு அன்றோடு முடிந்தது. எல்லைப் பக்கத்து இந்தப் பணியிடங்கள்தான் ஃபீல்டு, அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. திரும்பி வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும்.

நடைமுறையில் நாலு வழிதான் உண்டு. சொந்த ஊரில் தாத்தா பாட்டியிடம் விடலாம். ஹாஸ்டலோடு கூடிய பள்ளியில் சேர்க்கலாம். லீவையும் கருணை அடிப்படை போஸ்டிங்கையும் வைத்து ஓட்டலாம். இல்லையென்றால் ராணுவக் குவார்ட்டர்ஸிலேயே பெரியவர்களைக் கூட்டி வந்து வைக்கலாம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்த வீட்டிலிருந்துதான் இது எழுதப்படுகிறது. சாய்வு அந்தப் பக்கம் இருப்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

கடைசி வழியை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபீல்டில் இருப்பவரின் குடும்பத்துக்கென்று தனி வீடு ஒதுக்கும் ஏற்பாடு ராணுவத்தில் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள் என்பதுதான் அதன் கணக்கு. மனைவி இல்லாத வீட்டில் அம்மாவை வைத்து அதைக் கேட்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். வீடு கிடைத்தாலும், அறுபது வயதுக்கு மேல் மொழி தெரியாத ஊரில் போய் உட்கார எல்லா அம்மாக்களும் சம்மதிப்பதில்லை.

லீவு விஷயத்தில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. பெண் அதிகாரிகளுக்கு மட்டும் இருந்த சைல்டு கேர் லீவு, 2019-ல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் வீரர்களுக்கும் விரிந்தது. ஒருமுறை எடுத்தால் குறைந்தது 15 நாள் என்றிருந்ததை அப்போதே 5 நாளாகக் குறைத்தார்கள். 2023 நவம்பரில், அதிகாரி அல்லாத ரேங்குகளில் உள்ள பெண்களுக்கும் அதிகாரிகளுக்கு நிகராக மகப்பேறு, தத்து, சைல்டு கேர் லீவுகள் வந்தன. ஆனால் அளவைப் பாருங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, மொத்த சர்வீஸுக்கும் சேர்த்து 360 நாள். வருஷத்துக்குப் பிரித்தால் 20 நாள் வரும். அதுவும் சிஓ (யூனிட்டின் கமாண்டிங் ஆபீஸர்) கையெழுத்து போட்டால்தான். ராணுவ ஆபரேஷன் நேரத்தில் எந்த லீவும் நிறுத்தப்படும். எனவே இதை நம்பி ஒரு டென்யூரை, அதாவது ஒரு முழு ஃபீல்டு காலத்தை, ஓட்ட முடியாது. பாட்டிக்குக் கண் ஆபரேஷன், பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்கிற மாதிரி வாரங்களுக்குச் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம். முதல் வருஷமே கரைத்துவிட்டு, மூன்றாம் வருஷம் கையைப் பிசைபவர்கள் உண்டு.

கருணை அடிப்படையில் ஊர்ப்பக்கம் போஸ்டிங் கேட்பதும் இதே ரகம்தான். மனு யூனிட் வழியாக, வீரர்களின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகும். இறப்புச் சான்றிதழ் அல்லது கோர்ட் உத்தரவு, வட்டாட்சியர் சான்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் விசாரணை அறிக்கை எல்லாம் கேட்பார்கள். கிடைத்தால் கொஞ்ச காலம் கிடைக்கும், பிறகு மறுபடி ஃபீல்டு. மனைவி இறந்த முதல் வருஷத்தில் இதைக் கேட்பதில் தவறே இல்லை. அந்த அவகாசத்தை அடுத்த ஏற்பாட்டைக் கட்டி முடிக்கப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, உண்மையான போட்டி பாட்டி வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும்தான்.

ஹாஸ்டல் என்றதும் எல்லாருக்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளி ஞாபகம் வரும். உடுமலைப்பேட்டைப் பக்கம், 1962-லிருந்து இருக்கிறது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஒதுக்கீடு போக மீதி இடங்களில் 25 சதவீதம் படைவீரர் பிள்ளைகளுக்கு உண்டு. பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளி என்றால் நமக்குப் பக்கம் பெங்களூரு. சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று இரண்டே வாசல்கள். ஆறாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஒன்பதுக்கு ஆங்கிலம் மட்டும்தான். விண்ணப்பம் திறக்கும் மாதம் வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது. ஃபீல்டில் இருப்பவர் அதைத் தவறவிடுவது சகஜம். அந்த வேலையை ஊரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

பணக் கணக்கு இப்படி: 2024 ஜனவரியிலிருந்து கல்விப்படி மாதம் 2,812.50 ரூபாய். எவ்வளவு செலவானது என்று பில் காட்ட வேண்டாம், தலைமையாசிரியரின் சான்றிதழ் போதும். ஹாஸ்டல் மானியத்தின் உச்சவரம்பு மாதம் 8,437.50. இதற்கு உண்ணவும் தங்கவும் ஆன தொகை சான்றிதழில் இருக்க வேண்டும். அந்தத் தொகை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வரும். கட்டணம், டெபாசிட், சீருடை எல்லாவற்றையும் அது தாங்காது.

ஹாஸ்டலின் படிப்பு, ஒழுங்கு, விளையாட்டு பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பலர் கவனிக்காமல் விடுவது வேறு. ஹாஸ்டலில் சேர்த்தாலும் ஊரில் ஒரு வீடு வேண்டும். விண்ணப்பத்திலேயே லோக்கல் கார்டியன் பெயர் கேட்பார்கள். அம்மை போட்டால் வந்து கூட்டிப் போகச் சொல்வார்கள். கோடை விடுமுறைக்கு விடுதி பூட்டப்படும். அப்பா அப்போது நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு போஸ்ட்டில் இருப்பார். பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பது பாட்டியோ சித்தப்பாவோதான். பாட்டி வீட்டை முதலில் சரியாகக் கட்டாமல் ஹாஸ்டலை மட்டும் நம்பியவர்களுக்கு ஒவ்வொரு லீவும் ஒரு நெருக்கடி. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் இந்த வாசலே இல்லை. தனியார் ஹாஸ்டல்கள் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. தாயில்லாத ஆறு வயதுப் பிள்ளையை அங்கே விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டி வீட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவை தெரிந்தவைதான்: செல்லம், வயசு, செல்போன். இவற்றோடு வாழ்ந்துவிடலாம். அந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் வேறொன்றில் இருக்கிறது. அப்பா இல்லாதபோது யார் கையெழுத்து செல்லும்?

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி (1956) இயற்கைக் காப்பாளர்கள் அப்பாவும் அம்மாவும்தான். எத்தனை வருஷம் வளர்த்தாலும் பாட்டிக்கு அந்த இடம் இல்லை. ‘கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கிவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். வக்கீல் ஃபீஸ் கொடுப்பதற்கு முன் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை, பிள்ளையை வளர்க்கும் காப்பாளராக இன்னொருவரை நியமிக்க அது இடம் தராது. எல்லையில் இருப்பது தகுதியின்மை ஆகாது. அதனால் கையில் இருப்பது அதிகாரக் கடிதம் மட்டுமே. அது பொதுவாக எழுதப்பட்டால் யாரும் ஏற்க மாட்டார்கள். ‘என் மகனைப் பார்த்துக்கொள்ள என் தாயாருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்’ என்ற ஒற்றை வரிப் பத்திரம் பீரோவில் கிடக்கத்தான் லாயக்கு.

மூன்று தனித்தனிக் கடிதங்கள் எழுதுங்கள். மூன்றிலும் நோட்டரி கையெழுத்து வேண்டும், ஒவ்வொன்றிலும் நாலு ஒரிஜினல். பள்ளிக்கான கடிதத்தில் சேர்க்கை, டிசி, கல்விப்படிச் சான்றிதழ் பெறுவது, நோய் வந்தால் அழைத்துப் போவது எல்லாம் பெயர் சொல்லி வர வேண்டும். மருத்துவமனைக்கான கடிதத்தில் ‘சிகிச்சை’ என்று மட்டும் எழுதினால் போதாது. மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றுவது மூன்றையும் குறிப்பிடுங்கள். உயிர் போகிற அவசரத்தில் டாக்டர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விலகினால், மயக்கம் கொடுத்துத்தான் சரிசெய்வார்கள். ‘அப்பா வரட்டும்’ என்ற பதில் வருவது அங்கேதான். பயணத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் மூன்றாவது கடிதம். ஒவ்வொன்றிலும் பாட்டி பெயருக்குக் கீழே இரண்டாவது ஆளாகச் சித்தப்பாவோ அத்தையோ இருக்க வேண்டும். பாட்டியே ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஆகும் என்பதற்கான பதில் அந்த இரண்டாவது பெயர். காலாவதித் தேதியை டென்யூர் முடியும் நாளுக்கு ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ரிலீஃப், அதாவது மாற்று ஆள் வருவது, தாமதமாவது புதிதல்ல. ஒரு செட் யூனிட்டில் நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடன்ட்டிடம் இருக்கட்டும்.

அமெரிக்க ராணுவத்தில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயம். 5305 எண் படிவத்தில் குறுகிய காலத்துக்கு யார், நீண்ட காலத்துக்கு யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்பவரின் சம்மதமும் பவர் பத்திரமும் தனிப் படிவங்களில் இணைக்கப்படும். சரியான திட்டம் தர முடியாதவர்களை வேலையிலிருந்தே அனுப்பலாம். நம்மிடம் அப்படி ஒரு படிவத்தை யாரும் நீட்டுவதில்லை. கெடுபிடி இல்லாதது நல்லதுதான், ஆனால் எல்லாவற்றையும் நாமே நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது போன். ஆதார், வங்கி, பள்ளி என எல்லாவற்றிலும் அப்பாவின் நம்பர்தான் இருக்கும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். டவர் இல்லாத போஸ்ட்டில் அதுவும் இல்லை. ஓடிபி வராமல் பிள்ளையின் ஆதார் வேலை பாதியில் நிற்கும். கிளம்புவதற்கு முன்பே பிள்ளையின் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பாட்டி அல்லது சித்தப்பா நம்பரை ஏற்றிவிடுங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் வரும் கைரேகைப் புதுப்பிப்பு இந்த டென்யூருக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள்.

பணம் அனுப்பப் பிள்ளை பெயரில் உள்ள கணக்கு உதவாது. அப்பா கார்டியனாக இருக்கும் கணக்கில் பாட்டி பணம் எடுக்க முடியாது. பாட்டியோடு சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் ஜாயின்ட் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்துவிட வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகை அதில் எப்போதும் கிடக்கட்டும்.

மருத்துவத்தில் ஒரு சறுக்கல் உண்டு. சென்னையிலோ வெலிங்டனிலோ இருந்தால் ராணுவ மருத்துவமனை பக்கம். தர்மபுரியிலோ தென்காசியிலோ அப்படியில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் ஊர்களில் தாத்தாவும் முன்னாள் வீரராக இருப்பார். அவருடைய இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை பேரப்பிள்ளைக்குச் செல்லாது. பிள்ளைக்கென்று தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்பதே நல்லது.

விவாகரத்தானவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பாதிதான் பொருந்தும், ஏனென்றால் பிள்ளையின் தாய் உயிரோடு இருக்கிறார். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அதே 1956 சட்டம். அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாயிடம் சொல்லாமல் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போனால் கஸ்டடி மனு வரும். ஃபீல்டு காலத்தில் பிள்ளை எங்கே, தாய் எப்போது பார்ப்பார், அப்பா லீவில் வரும்போது எப்படி என்பதை இருவரும் சம்மதித்துக் குடும்ப நீதிமன்ற உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல தாய் என்றால் அவரிடமே விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டி வீட்டைவிட அதுவே மேல். ஃபீல்டில் இருக்கும்போது வழக்கு வந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வீரர்கள் வழக்குச் சட்டத்தின் கீழ் சிஓ தரும் சான்றிதழை வைத்து விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். சான்றிதழ் அவகாசம்தான் வாங்கித் தரும்.

மனைவி இறந்தவர்கள் ஒரு உயில் எழுத வேண்டும். 1956-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, தனக்குப் பின் காப்பாளர் யார் என்று உயிலில் நியமிக்கலாம். உயிரோடு இருக்கும்போது பாட்டிக்குக் கிடைக்காத சட்ட இடம் இதன் வழியாகத்தான் கிடைக்கும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்கள் வக்கீலிடம் தனியாகக் கேட்க வேண்டும். கூடவே மனைவியின் இறப்போ விவாகரத்தோ, குடும்ப மாற்றங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா, குரூப் இன்ஷூரன்ஸ் நாமினேஷன் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையை நாமினியாகப் போட்டால், மேஜர் ஆகும்வரை பணத்தை வாங்கி வைப்பவர் பெயரும் அதில் வேண்டும்.

புறப்படுவதற்கு முன் கடைசி லீவில் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். அப்பா வீட்டில் இருந்தாலும் பள்ளிக்குக் கொண்டுவிடுவது, டாக்டரிடம் போவது, வங்கியில் பணம் எடுப்பது எல்லாம் பாட்டியே செய்யட்டும். எந்தக் கவுண்டரில் எந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரி, யூனிட்டின் போன் நம்பர், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் நம்பர் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டல் போனாலும், அந்த அட்டையும் மூன்று கடிதங்களும் அப்படியே தொடரும். லோக்கல் கார்டியன் கட்டத்தில் எழுதப் போவதும் அதே இரண்டு பெயர்கள்தான்.