ஒல்லிக் குட்டியோடு “வெயிட் பவுடரும்” விற்கிறார்கள்: நாய்க்குட்டி வாங்குவோர் கவனத்துக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எலும்பும் தோலுமாக இருக்கிற குட்டியை “இனமே அப்படித்தான்” என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டுக்குப் போய் அது தேறவில்லை என்றதும் பவுடர், டானிக், ஊசி என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் குட்டிக்கு இருந்தது கொக்கிப்புழு என்கிற குடல்புழு. அதைச் சொல்லாமல் மறைத்து, அந்த நோயைக் காட்டியே மேலும் காசு பார்த்தார் எங்களுக்கு விற்றவர்.

கோபி பக்கம் எங்கள் தோட்டம். காவலுக்கு ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோவையில் குட்டி வாங்கி விற்கிற ஒருவரிடம் போனோம். 8,000 ரூபாய். குட்டியின் விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம், முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, வயிறு மட்டும் சின்னக் குடம் மாதிரி உப்பியிருந்தது. அப்பா அதைக் கேட்டதற்கு, “சிப்பிப்பாறைன்னா இப்புடித்தானுங்ணா இருக்கும். ஓடற நாய்க்குச் சதை எதுக்குங்? இப்பத்தான் பால் குடிச்சுது, அதான் வகுறு அப்புடித் தெரியுது” என்றார்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம் அதில் பாதி உண்மை இருப்பதுதான். வளர்ந்த சிப்பிப்பாறை ஒடிசலான நாய்தான்; நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே கடைசி விலா எலும்புகள் ஒன்றிரண்டு லேசாகத் தெரியும், வயிறு உள்வாங்கியிருக்கும். ஆனால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாகத் தெரிந்து, வயிறு உப்பியிருந்தால் அது எந்த இனத்தின் லட்சணமும் கிடையாது. குடல்புழு இருக்கிற குட்டியின் தோற்றம் அது. ஆடு மாடு வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்குப் புழு வைத்த கன்றுக்குட்டியைப் பார்த்தாலே தெரியும். நாய் விஷயத்தில் மட்டும் விற்கிறவர் சொன்னதே வேதவாக்கு ஆகிவிடுகிறது.

எட்டு வாரக் குட்டி, பூச்சி மருந்து (குடல்புழு மருந்து) கொடுத்தாச்சு, முதல் தடுப்பூசியும் போட்டாச்சு என்று ஒரு கார்டும் தந்தார். அந்தக் கார்டில் பேனாவால் ஒரு தேதியும் ஒரு கிறுக்கலும் மட்டும்தான். உண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியில் இருக்கிற ஸ்டிக்கரைக் கிழித்துக் கார்டில் ஒட்டியிருப்பார்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத கார்டு வெறும் அட்டைதான்.

வீட்டுக்கு வந்த குட்டி வட்டலை நக்கிக் காலி செய்தது. ஆனால் உடம்பு பிடிக்கவில்லை. போன் செய்தபோது, “அதுக்குன்னே ஒரு பவுடர் இருக்குதுங், பால்ல கலக்கிக் குடுங்க, பத்தே நாள்ல கொழுகொழுன்னு ஆயிரும்” என்று 1,450 ரூபாய்க்கு ஒரு டப்பாவை பஸ்ஸில் போட்டுவிட்டார். டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் இல்லை. கரைத்தால் பால் பவுடர் வாசம் அடித்தது. கூடவே கால்சியம் டானிக் ஒன்று. பவுடர் கொடுத்த நாளிலிருந்து குட்டிக்குக் கழிச்சல். அதைச் சொன்னதற்கு வந்த பதில்தான் எங்களுக்கு இன்னமும் ஆறவில்லை: “எங்ககிட்ட இருக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. நீங்க சோறு போடறது சரியில்லீங்.” அதே பேச்சிலேயே, நேரில் கொண்டுவந்தால் “சதை போடற ஊசி” போட்டுவிடுவதாகவும் சொன்னார். விலை தனி.

ஊசிக்குப் போகாமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா எடை போடுவதற்கு முன்னாலேயே குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. கடைவாய்ப் பற்கள் முழுசாக முளைக்காததைக் காட்டி, “இதுக்கு எட்டு வாரம் ஆயிருக்க வாய்ப்பில்லீங்கய்யா, தாய்கிட்ட இருந்து ரொம்ப சீக்கிரம் பிரிச்சுட்டாங்க” என்றார். மலம் கறுப்பாகத் தார் போல் போகிறதா என்று கேட்டார், போய்க்கொண்டுதான் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் கொக்கிப்புழு முட்டை.

அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே தருகிறேன், குட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் பயன்படும். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். எவ்வளவு சோறு போட்டாலும் குட்டி வெளுத்துக்கொண்டேதான் போகும். கவனிக்காமல் விட்டால் ரத்தச்சோகையிலேயே செத்துப்போகும். இந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வரும். உருளைப்புழு இன்னும் முந்தி, தாய் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடும். அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பித்து, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை கொடுத்ததோடு தீராது. மருந்து குடலில் இருக்கிற புழுவைக் கொல்லும். உடம்பின் மற்ற இடங்களில் இருக்கிற இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மிச்சத்தைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

பவுடரைப் பாலில் கரைத்ததுதான் கழிச்சலுக்குக் காரணமாக இருக்கும் என்றார். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. கால்சியம் டானிக்கையும் நிறுத்தச் சொன்னார்; வளரும் குட்டிக்குத் தேவைக்கு மேல் கால்சியம் போனால் எலும்பு வளர்ச்சியே கெடும், பெரிய இனக் குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து. ஊசி பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. என்ன மருந்தென்று சொல்லாமல் போடுகிற ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் பசியைத் தூண்டி, பார்வைக்குத் தேறின மாதிரி காட்டும். உள்ளே நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். தடுப்பூசியே போடாத குட்டிக்கு அந்த நேரத்தில் பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம்.

குட்டி தேறினது மருந்தும் சாதாரணச் சாப்பாடும் கொடுத்துத்தான். எடைக்கேற்ற பூச்சி மருந்து, இரும்புச்சத்து மருந்து, நாளுக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. பட்டினி கிடந்த குட்டிக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போடக் கூடாது, அளவைச் சில நாட்களில் மெல்ல ஏற்ற வேண்டும். உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி, வேகவைத்த முட்டை, குழைந்த சோறு, கூடவே குட்டிகளுக்கான நல்ல உலர்தீனியை ஊறவைத்துக் கொடுத்தோம். வெறும் தயிர்ச்சோறு போட்டு வளர்க்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு; வயிறு நிறையும், ஆனால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. புழுவுக்குப் பூண்டு அரைத்து ஊற்றச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், ஏற்கெனவே ரத்தம் இல்லாத குட்டி அதைத் தாங்காது.

எடையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்கறி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் ஒரு கூடையை வைத்து, வாரம் ஒருமுறை, காலைத் தீனிக்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலே மெல்லிய சதை இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். மருத்துவர்கள் 1 முதல் 9 வரை போடுகிற உடல்நிலை மதிப்பெண்ணில் 4 அல்லது 5 என்பது இதுதான். எங்கள் குட்டி முதலில் 2. இப்போது 4.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக மனிதருக்குள்ளும் நுழையும். உருளைப்புழு முட்டை குழந்தையின் வாய்க்குப் போனால் கண் வரைக்கும் பாதிக்கலாம். குட்டி வெளிக்கிருந்த இடத்தை அன்றன்றைக்கே அள்ளிச் சுத்தம் செய்துவிடுங்கள். நோயை மறைத்து விற்கிறவர் நம் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஆபத்தில் விடுகிறார். எனக்குப் பணம் போன கோபத்தை விட இந்தக் கோபம் பெரிது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான விதிகளும் 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகளும் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் ஈறைப் பாருங்கள், வயிற்றைப் பாருங்கள், கார்டில் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

நாங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டதும் எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பில் கிடையாது, ஜிபேயில் அனுப்பிய பதிவு, அந்த அட்டை, டப்பாவின் படம், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், குட்டியின் முதல் நாள் படத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தாலோ புகாரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்கே குட்டியை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.