பச்சைச் சரிக்குறியைக் காட்டி 850 வெள்ளியைப் பறித்தார்கள்: கோலாலம்பூரில் இருப்பவர்கள் கவனம்!

850 வெள்ளி. இதுவரை ஒரு காசு திரும்பவில்லை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இன்னொரு குடும்பம் இதே வலையில் விழக்கூடாது என்றுதான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

வீட்டு பிரிட்ஜ் குளிரவில்லை. வட்டார வாரியாகக் கடைகளைப் பட்டியலிடும் ஓர் இணைய டைரக்டரியில் தேடினேன். கோலாலம்பூர், வீட்டுச் சாதனங்கள், பழுதுபார்ப்பு என்று திறந்துகொண்டே போனால் முதலிடத்தில் ஒரு பெயர். எங்கள் பிரிட்ஜ் நிறுவனத்தின் சின்னம், ‘அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்’ என்ற வரி, ஜாலான் ஈப்போ முகவரி, ஐந்து நட்சத்திரம், பெயருக்குப் பக்கத்தில் பச்சைச் சரிக்குறி. இவ்வளவும் இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வந்தவர் தமிழர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு வணக்கம் சொல்லித்தான் உள்ளே வந்தார். பிரிட்ஜ் கதவில் அம்மாவின் இன்சுலின் பேனாக்கள் இருந்தன. அவற்றைப் பார்த்ததுமே குரல் மாறியது. “அக்கா, மருந்து கெட்டுப்போகும். முதலில் இதைப் பக்கத்து வீட்டில் வையுங்கள். நாளைக்கே முடித்துத் தருகிறேன்” என்றார். பெற்ற மகன்போல் பேசினார். பின்பக்கத்தைத் திறந்து, சர்க்கியூட் போர்டில் ஒரு கரும்புள்ளியைக் காட்டி, கம்ப்ரசரும் போய்விட்டது என்றார். சாமான் வாங்க 850 வெள்ளி முன்பணம். போர்டைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொடுத்த ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணே இல்லை. பணம் போனது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு.

அதன் பிறகு, சாமான் வரவில்லை அக்கா, லாரி கிள்ளானில் நிற்கிறது அக்கா, முதலாளியிடம் கேட்கிறேன் அக்கா என்று நாள்கள் ஓடின. கடைசியில் தொலைபேசி எண்ணே வேலை செய்யவில்லை. ஜாலான் ஈப்போ முகவரிக்குப் போனால் அங்கே முடிதிருத்தும் கடை. எங்களைப் போலவே வேறு சிலரும் தேடி வந்தார்களாம். பிரிட்ஜ் நிறுவனமோ, அப்படியொரு சேவை மையம் தங்களுக்கு இல்லவே இல்லை என்று கைவிரித்தது.

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் அந்த டைரக்டரியின் பதில்தான். “விளம்பரதாரர் தரும் தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அப்படியென்றால் அந்தச் சரிக்குறி எதற்கு? வருடக் கட்டணம் கட்டுபவர்களுக்கு அது உண்டு, தொலைபேசி எண் இயங்குகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றார் அங்கே பேசிய பெண். முதலிடமும் கட்டணத்துக்குத்தான். 1998-இல் தொடங்கி 2017 வரை நடந்த டிமோஸ் டைரக்டரியில், தன்னார்வ ஆசிரியர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்துத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு மனிதர் பார்த்திருப்பார் என்ற அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இன்றைக்கு இவர்கள் காசு பார்க்கிறார்கள். சேவை மையம் என்று போட்டவரிடம் ஒரு கடிதம் கேட்டிருந்தால் எங்கள் 850 வெள்ளி பிழைத்திருக்கும்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சேவை மையத்தின் எண்ணைச் சாதன நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். பதிவு எண்ணைக் கேட்டு, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போனதும் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், நான் போடப்போகிறேன். எந்தப் பாகத்தையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக விடாதீர்கள்.

டைரக்டரிப் பக்கத்தை முதலிலேயே படம் பிடித்து வையுங்கள். நான் புகார் செய்த பிறகு அந்தப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. முகவரி, நட்சத்திரம், சரிக்குறி எல்லாம் அப்படியே நிற்கின்றன.