காரைக்குடியிலிருந்து கோட்டை பார்க்க: தரங்கம்பாடியா, திருமயமா?

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்த்து முடித்ததும், "பக்கத்தில் கோட்டை ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் என்றால் திருமயம்தான், அரை மணி நேரப் பயணம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. பாறை உச்சியில் ஒரு பீரங்கி, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை காலைச் சுட்டுவிடும்.

கடலும் வேண்டும் என்றால் தரங்கம்பாடி. போகவே நாலு மணி நேரம் பிடிக்கும், ஆனால் அலுக்காது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை அது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கீழே வளைவு வளைவாகக் கிடங்குகள், உள்ளே அருங்காட்சியகம். மதில் மேல் நின்றால் உப்புக்காற்று முகத்தில் அறையும். கொஞ்சம் தள்ளி, கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். அங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன்.

என்னைக் கேட்டால் தரங்கம்பாடி, அதுவும் ஒரு ராத்திரி தங்கி. கைக்குழந்தையோ மூட்டுவலிக்காரரோ கூட இருந்தால்? திருமயம், அடிவாரக் கோயில்களோடு சரி.