ஜியோஜீப்ரா: கோடு அச்சை வெட்டும் இடத்தைக் கண்ணால் பார்க்க

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நேர்கோட்டு வரைபு தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில்தான் இடறுவார்கள். எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளியைக் கேட்டால், பாதிப் பேர் எக்ஸுக்குப் பூச்சியம் போட்டுவிடுவார்கள். போன வாரமும் ஒரு பிள்ளை, "எக்ஸ் அச்சு என்றுதானே ரீச்சர் கேட்டிருக்கு, அப்ப எக்ஸ்தானே பூச்சியம்?" என்றாள். பிழைதான், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வரைபு கீறிக் காட்டும் ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியைத் திறந்து போனை அவள் கையிலேயே கொடுத்தேன். வை = 2எக்ஸ் − 6 என்று அடித்தாள், கோடு வந்தது. கோட்டைத் தொட்டதும் அச்சுகளை வெட்டும் இடங்களில் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று (3, 0), மற்றது (0, −6). "எக்ஸ் அச்சில் நிற்கிற புள்ளி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அப்ப எது பூச்சியம்?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கொப்பியை இழுத்து, 0 = 2எக்ஸ் − 6 என்று தானாகவே எழுதினாள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. வை = எம்எக்ஸ் + சி என்று அடித்தால், எம்முக்கும் சிக்கும் இழுத்து நகர்த்துகிற குமிழ் கிடைக்கும். சியை 2இல் வைத்துவிட்டு, எம்மை 1இலிருந்து மெல்லக் குறையுங்கள். எக்ஸ் அச்சில் −2இல் வெட்டிய கோடு, எம் 0.5 ஆகும்போது −4இல் வெட்டும். 0.1 ஆனால் −20. திரையைச் சுருக்கித்தான் பிடிக்க வேண்டும். எம் 0 ஆனதும் கோடு எக்ஸ் அச்சுக்குச் சமாந்தரமாகப் படுத்துவிடும், வெட்டும் புள்ளியே இருக்காது. இவ்வளவு நேரமும் (0, 2) மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. எம் என்கிற படித்திறன் (கோட்டின் சரிவு) என்ன செய்கிறது, சி என்கிற வெட்டுத்துண்டு (வை அச்சை வெட்டும் இடம்) என்ன செய்கிறது என்பதைக் கரும்பலகையில் பத்துக் கோடு கீறியும் இப்படிக் காட்ட என்னால் முடிந்ததில்லை.

மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை இது. பிள்ளைகளுக்கு இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலும் வேலை செய்யும். எங்கள் வகுப்புப் பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல்.

ஒன்றைக் கவனியுங்கள். வை = 3எக்ஸ் − 2 போட்டால், எக்ஸ் அச்சை வெட்டும் இடமான 2/3ஐ 0.67 என்று காட்டும். அதைப் பார்த்து எழுதினால் சரியான விடை பின்னம் என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். சாதாரண தரப் பரீட்சையில் கையில் இருக்கப்போவது வரைபுத்தாளும் பென்சிலும்தான். அதனால் என் வகுப்பில் முதலில் தாளில் கீறி, இரண்டு வெட்டும் புள்ளிகளையும் கணித்து எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் போன்.

செயலியைப் பதிவிறக்கும்போது அதே பெயரில் சில செயலிகள் வரும். கிராஃபிங் கல்குலேட்டர் என்று இருப்பதை எடுங்கள், இந்தப் பாடத்துக்கு அது போதும்.