பழவேற்காட்டில் ‘ஃபுல் டே போட்’ என்று யாராவது கூப்பிட்டால்

பூநாரை சீசன் ஆரம்பித்துவிட்டது. பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரிக்கரையில் காரை நிறுத்தி இறங்குவதற்குள் ஒருவர் வருவார். “போட்டிங்கா சார்? ஃபேமிலியோட ஃபுல் டே போலாம்” என்பார். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எங்களிடம் பேசியது இதுதான்: நாள் முழுக்கப் படகு, நாலாயிரம் ரூபாய். பூநாரைக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள், முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்கலாம், மதியம் மீன் வறுத்துத் தருவார்கள், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள். இங்கே படகுச் சவாரிக்குத் தடை என்று கேள்விப்பட்டோமே என்று மச்சான் கேட்டார். “அதெல்லாம் பழைய கதை சார், இப்போ பர்மிஷன் இருக்கு” என்று பதில் வந்தது. மூவாயிரம் அட்வான்ஸ், ஜிபேயில். திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். “வீட்டுக்காரம்மா அக்கவுண்ட் சார்.” ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

பர்மிஷன் உள்ள படகு என்றால் எல்லோரும் பார்க்க ஊருக்குள்ளேயே ஏற்றியிருக்கலாம். எங்களை ஊரைத் தாண்டிக் கூட்டிப்போய், புதர் மறைவில், முழங்கால் அளவு சேற்றில் இறங்கி ஏறச் சொன்னார்கள். அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

காலையில் மீன்பிடித்துவிட்டு வந்த ஃபைபர் படகு அது. வலை ஒரு மூலையில் ஈரத்தோடு குவிந்து கிடந்தது, அடியில் மீன் நாற்றத்தோடு தண்ணீர். குழந்தைகளையும் சேர்த்து ஒன்பது பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட். மகளுக்குப் போட்டுவிடலாம் என்று ஒன்றை எடுத்தேன். ஜிப் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துத் தையல் பிரிந்து, உள்ளே இருக்க வேண்டிய ஃபோம் ஒரு பக்கம் இல்லவே இல்லை. பெரியவர்கள் அளவு வேறு, அவளுக்குக் காது வரைக்கும் ஏறியது. ஓட்ட வந்தது இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன். பேரம் பேசிய ஆள் ஏறவே இல்லை. கரையில் நின்று கை காட்டினார்.

இந்த ஏரி பார்க்கத்தான் கடல் மாதிரி இருக்கும். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூடக் கிடையாது. கொஞ்ச தூரத்திலேயே பையன் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ள ஆரம்பித்தான். பூநாரைகள் எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. “இதுக்கு மேல மேடுண்ணே, படகு தட்டிடும்” என்றான். அவன் சொன்னது நிஜம். பூநாரை நின்று மேய்வதே ஆழமில்லாத தண்ணீரில்தான். அங்கே இன்ஜின் படகு போகாது, போனாலும் சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆகவே பூநாரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அவர் புளுகுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ராக்கெட் தளமும் அப்படித்தான். பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கம் படகைத் திருப்பவே பையன் மறுத்துவிட்டான்.

முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இன்ஜினை அணைத்தான். “அண்ணே, எனக்கு ஆயிரம்தான் பேசியிருக்காரு. எண்ணெய்க்கே போயிடுச்சு. இன்னொரு ரெண்டாயிரம் குடுத்தா மேல போலாம்.” கரையில் இருந்தவருக்கு அடித்தோம், போன் சுவிட்ச் ஆஃப். இதற்குள் படகு தானாகவே கடல் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரத்தில் முகத்துவாரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். அலை மோதுகிற சத்தம் கேட்டதும் அம்மா படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றக் கூடாது என்ற தடை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒன்றும் வேண்டாம், திருப்பு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். நாள் முழுக்க என்று பேசிய சவாரி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. வறுத்த மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கரையில் அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அப்போது சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “போலீஸ்ல சொல்லுங்க சார். தடை போட்ட இடத்துல போட் ஏறுனது நீங்க. உங்களையும்தான் கேப்பாங்க.” காலையில் இருந்த பர்மிஷன் மதியம் காணாமல் போய்விட்டது! இவர்களுக்கு அந்தத் தடைதான் மூலதனமே. ஏமாந்தவன் புகார் கொடுக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் தொழில் நடக்கிறது. மச்சான் விடவில்லை, ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். எங்களை யாரும் மிரட்டவில்லை. பணம் மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. படகும் உழைப்பும் அவன் பக்கம். மூவாயிரத்தில் இரண்டாயிரம் கரையை விட்டு நகராத ஆளுக்குப் போகிறது.

பூநாரைதான் பார்க்க வேண்டும் என்றால் ஆந்திரா பக்கம் சூலூர்ப்பேட்டைக்குப் போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரியின் நடுவே போகிறது. குளிர்கால மாதங்களில் காரை ஓரம் கட்டிவிட்டு ஒரு பைனாகுலரோடு நின்றாலே போதும், நாங்கள் படகிலிருந்து பார்த்ததைவிட நன்றாகத் தெரியும். பழவேற்காட்டுக்கே போகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்குப் படகில் போயே ஆக வேண்டும் என்றால் முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. டிக்கெட் தருவார்கள், லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகுக்காரர்கள் சிலர் நடுவழியில் நிறுத்தி, உள்ளே குறுகலான கால்வாய்க்குப் போகத் தனியாக ஐந்நூறு கொடுங்கள் என்று கேட்பது உண்டு. அங்கே முடியாது என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து கவுண்டரில் டிக்கெட்டைக் காட்டிப் புகார் சொல்லலாம்.