பழைய டிரம் பிரேக் டிரக்கில் ஏர் எடுக்க: வேக்கம் பம்ப்பா, பிரஷர் டேங்க்கா?

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய பிக்கப் டிரக்கில் வீட்டிலேயே ஏர் எடுக்க (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற) நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கையால் அடிக்கும் வேக்கம் பம்ப் கிட்டைத்தான். துணைக்கு ஆள் வேண்டாம். குழாய், பாட்டில், ரப்பர் முனைகள் எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடும். டிஸ்க் பிரேக் காரில் அது நன்றாகவே வேலை செய்யும். டிரம் பிரேக்குக்கு அது சரிப்படாது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் மேலிருந்து ஆயிலைத் தள்ளும் பிரஷர் டேங்க்தான் இந்த வேலைக்கு ஏற்றது. இரண்டையும் 1967 முதல் 1970 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பை வைத்துப் பார்க்கலாம். முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனி அறை கொண்ட இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் அதில் 1967-லேயே வந்துவிட்டது; முன் டிஸ்க் பிரேக் எல்லா வண்டிக்கும் வந்தது 1971-ல்தான். ஆகவே இடைப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் நான்கு பக்கமும் டிரம்தான்.

வேக்கம் பம்ப் தடுமாறுவதற்குக் காரணம், ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூக்களை (டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டைகளை) தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கிறது. இரண்டு ரப்பர் கப்களும் முதுகைப் பிஸ்டன் பக்கம் வைத்து, வாயை நடுப்பக்கம் திறந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் கப்பின் விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டும், ஆயில் கசியாது. வேக்கம் கொடுத்தால் நடப்பது நேர்மாறு. விளிம்பு சுவரை விட்டு விலகும், டஸ்ட் கவருக்குப் பின்னால் இருக்கும் காற்று கப்பைத் தாண்டி உள்ளே நுழையும். ஏர் எடுக்கப் போய் ஏர் ஏற்றுகிறோம். டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சின்னச் செக் வால்வு வைத்ததே இந்த விளிம்புகள் எப்போதும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அழுத்தத்தை நீக்கி, அதற்கு மேல் உறிஞ்சவும் செய்தால் கப் என்ன செய்யும்?

காற்று நுழையும் இரண்டாவது வழி நிப்பிளின் (காற்றும் ஆயிலும் வெளியேற வீல் சிலிண்டரில் உள்ள சிறு திருகின்) மரை. நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தியதும் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் வரும். மெல்லிய குமிழிகள் ஒரே சீராக, எவ்வளவு ஆயில் இழுத்தாலும் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அது மரைக்காற்று. லைனுக்குள் தங்கிய உண்மையான ஏர் பெரிய இடைவெளியாக, விட்டுவிட்டு வந்து ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். இந்த வித்தியாசம் தெரியாமல் பாட்டில் பாட்டிலாக ஆயிலைத் தீர்ப்பவர்கள் நிறைய. மரையைச் சுற்றி வெளிப்பக்கம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் ஓரளவு நிற்கும். டெஃப்லான் டேப் சுற்றச் சொல்வார்கள். அதன் துணுக்கு ஒன்று நிப்பிள் துளைக்குள் போனால் பிறகு வெளியே எடுக்கப் படாத பாடுபட வேண்டும். டேப் வேண்டாம்.

பம்ப் வீண் என்று சொல்லவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் தேங்கிய கறுத்த பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க அதைவிட வசதியான பொருள் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ், பிரேக் பூஸ்டர் செக் வால்வு ஆகியவற்றைச் சோதிக்கவும் உதவும். அந்தப் பயனுக்காக வாங்கலாம். டிரம்மில் ஏர் எடுக்க மட்டும் என்றால் வாங்க வேண்டாம்.

பிரஷர் டேங்க் பார்க்கத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர் போலவே இருக்கும்: பிளாஸ்டிக் டேங்க், மேலே பம்ப், பிரஷர் மீட்டர், ஒரு நீளக் குழாய். குழாயின் மறுமுனை மாஸ்டர் சிலிண்டர் மூடியின் இடத்தில் உட்காரும். இங்கேதான் வாங்குபவர்கள் தவறுகிறார்கள். பெட்டியோடு வரும் மூடி பெரும்பாலும் புதிய கார்களின் வட்டத் திருகு மூடிக்கானது. சி10-ல் இருப்பது கம்பி வளையம் அழுத்திப் பிடிக்கும் செவ்வக வார்ப்பிரும்பு மாஸ்டர் சிலிண்டர். அதற்குத் தட்டையான தகடு, கீழே ரப்பர், சங்கிலி அல்லது கொக்கி வைத்து இறுக்கும் தனி அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் டேங்க்கை மட்டும் வாங்கினால் பயனில்லை.

இந்தத் தட்டு அடாப்டர்தான் மொத்தக் கருவியின் பலவீனமான இடம். பழைய வார்ப்பிரும்பின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பிய தழும்புகள் இருக்கும். ரப்பர் அங்கே உட்காராது. முதலில் விளிம்பைத் துடைத்து, மேடு இருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்யுங்கள். அந்தத் தூள் உள்ளே விழாதபடி அறைகளைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். தட்டைப் பூட்டி, டேங்க்கில் ஆயில் ஊற்றாமலே 10 பிஎஸ்ஐ ஏற்றி மீட்டரைப் பாருங்கள். சில நிமிடங்கள் முள் அசையாமல் நின்றால் சரி. இறங்கினால் ரப்பரையும் சங்கிலியையும் சரிசெய்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். ஆயிலோடு கசிந்தால் ஃபெண்டரின் பெயின்ட் போய்விடும். சிந்தினால் துடைப்பதோடு நிறுத்தாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கிளைகால் (glycol) வகை பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். இந்த அடாப்டரோடு 10 பிஎஸ்ஐ-யே போதும், 15-க்கு மேல் போகவே வேண்டாம்.

கருவியைக் கையில் எடுக்கும் முன் முடிக்க வேண்டியவை சில. நிப்பிள் திறக்கிறதா என்று பார்க்காமல் மற்ற எதையும் தொடாதீர்கள். முந்தைய நாளே துருப்பிடித்த நிப்பிளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறு முனை சாக்கெட்டால் முன்னும் பின்னும் அசைத்துத் திறக்க வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். நிப்பிள் முறிந்தால் துளையிட்டு நேரத்தைப் போக்குவதைவிட வீல் சிலிண்டரையே மாற்றுவது மேல்.

அடுத்தது ஷூ அட்ஜஸ்ட்மென்ட். பெடல் தாழ்ந்து போகிறது என்று வருகிற புகார்களில் பல ஏரால் வருவதில்லை, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள இடைவெளியால் வருவது. பெடலை இரண்டு முறை வேகமாக மிதித்ததும் அது மேலே வந்து கல்லாக நின்றால் இடைவெளிதான் காரணம். மேலே வந்தும் ஸ்பாஞ்ச் போல அமுங்கினால் ஏர். காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் தேய்ந்துவிட்டது. எந்தக் கருவியும் அதைத் தீர்க்காது. சக்கரம் சுற்றும்போது ஷூ லேசாக உரசும் வரை நட்சத்திரச் சக்கரத்தை (ஷூவை நகர்த்தும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை) திருப்பி, பிறகு உரசல் போகும் அளவுக்குப் பின்னால் விடுங்கள். பின்னால் விடும்போது தானியங்கி அட்ஜஸ்டர் லீவரை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பிடிக்காவிட்டால் சக்கரத்தின் பல் தேயும். டிரம் எல்லாம் மாட்டிய நிலையில்தான் ஏர் எடுக்க வேண்டும். டிரம் இல்லாமல் அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் புதிதாக மாட்டியிருந்தால் அதை வண்டியில் ஏற்றும் முன்பே வைஸில் பிடித்து ஏர் எடுத்திருக்க வேண்டும். அது செய்யாமல் சக்கரத்தில் எவ்வளவு எடுத்தாலும் பெடல் மென்மையாகவே இருக்கும்.

பிறகு வேலை சுலபம். டேங்க்கில் சீல் பிரிக்காத டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயில் ஒரு லிட்டர் ஊற்றி 10 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது. வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசை. தெளிவான குழாயை நிப்பிளில் மாட்டி, சற்று மேலே வளைத்து, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். நிப்பிளை அரைச் சுற்று திறந்தால் பழுப்பு ஆயில், இடைவெளிகள், பிறகு தெளிந்த ஆயில் என்று வரும். தெளிந்ததும் வீல் சிலிண்டரில் லேசாகத் தட்டினால் மூலையில் ஒட்டிய கடைசிக் குமிழியும் வந்துவிடும். மூடுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னும் டேங்க்கின் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். டேங்க் வற்றினால் நான்கு லைனிலும் காற்று போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முடிந்ததும் டேங்க் மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை முழுக்க விட்ட பிறகே தட்டைக் கழற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் விளிம்பு வரை நிறைந்திருக்கும். கால் இன்ச் கீழே வரும்வரை உறிஞ்சி எடுங்கள். அதற்கு அந்த வேக்கம் பம்ப் போதும்.

ஆள் உதவியோடு பெடலை மிதித்து எடுக்கும் பழைய முறைக்குச் செலவே இல்லை, நம்பகமானதும்கூட. பழைய வண்டியில் அதற்கு ஒரே ஆபத்து: பெடல் தரை வரை போகும்போது மாஸ்டர் சிலிண்டர் கப் வழக்கமாகப் போகாத, துருவும் கசடும் படிந்த பகுதியில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் பாதி தீரும். பிரஷர் டேங்க் இருந்தால் பெடலைத் தொடவே வேண்டாம் என்பதுதான் அதற்கு நான் முதலிடம் கொடுக்கக் காரணம்.

ஆயிலை வெளியே மட்டும் விடும் செக் வால்வு வைத்த நிப்பிள்களும் கிடைக்கின்றன. அவற்றின் மரையில் தடவியிருக்கும் சீலன்ட் சில தடவைக்குப் பின் தேய்ந்துவிடும். மரை அளவையும் நீளத்தையும் பழைய நிப்பிளோடு வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். நீளம் பொருந்தாவிட்டால் கூம்பு முனை இருக்கையில் உட்காராது.

டேங்க்கை அடுத்த வருடம் வரை ஆயிலோடு வைக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; புதிய டாட் 3-க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். மிச்ச ஆயிலைக் கொட்டிவிட்டு, டேங்க்கையும் குழாயையும் ஆல்கஹால் விட்டு அலசிக் காய வையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. அது அடுத்த முறை லைனுக்குள் போனால் ரப்பர் கப் அத்தனையும் ஊதிவிடும்.